தட்டில் இல்லாத அம்பு

கண்ணுக்குத் தெரிவதை அப்படியே நம்பக் கூடாது என்று ஒரு பஸ் டிரைவர் சொல்ல ஆரம்பித்தால், அந்த பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்கள் என்ன செய்வது? இறங்கிக்கொள்ளலாம். அவருடைய பெண்டாட்டி என்ன செய்வது? அவளால் அப்படிச் சட்டென்று இறங்க முடியாது. என் வீட்டுக்காரர் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். போன வருஷம் திடீரென்று ஞானியாகிவிட்டார். ஊரில் யார் வேண்டுமானாலும் ஞானியாகட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஸ்டியரிங் பிடிக்கிற ஆள் ஆகும்போது மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். காரின் பக்கவாட்டுக் கண்ணாடிக்கு முதுகுப்புறம் ஒரு பிளாஸ்டிக் மூடி இருக்கும், காரின் நிறத்திலேயே. மிரர் கவர் என்போம். வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் அதற்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அடித்துக் காய்ந்து வருவதைக் கையில் வாங்கிப் பார்த்து, இது ஓகே, இது ரிஜெக்ட் என்று பிரிப்பவள் நான். குறை கண்டுபிடிப்பதற்கு எனக்குச் சம்பளம் தருகிறார்கள். அதே வேலையை வீட்டில் கல்யாணமான நாளிலிருந்து சம்பளம் இல்லாமலே செய்து வருகிறேன் என்பார் என் வீட்டுக்காரர்.

குறை பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெள்ளை ட்யூப் லைட் வரிசைக்குக் கீழே நிற்க வேண்டும். கவரைக் கை நீளத்தில் பிடிக்க வேண்டும். மனசுக்குள் ஐந்து எண்ண வேண்டும். அதற்குள் கண்ணில் பட்டால் அது குறை. படாவிட்டால் குறை இல்லை. கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தால் கடுகு மாதிரி ஒரு தூசு பெயிண்டுக்குள் உட்கார்ந்திருக்கும்; ஆனாலும் அது இல்லை. "கிட்ட வெச்சுப் பாக்காதம்மா, கிட்ட பாத்தா உலகமே ரிஜெக்ட்" என்று சூப்பர்வைசர் கத்துவார். குறை கண்டால் சின்னதாகச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை அதன் பக்கத்தில் ஒட்ட வேண்டும், அம்பு நுனி குறையைக் காட்டுகிற மாதிரி. இந்த ஸ்டிக்கர் இருக்கிறதே, இது ஒரு சனியன். சட்டைக் கையில் ஒட்டும், கொண்டையில் ஒட்டும், வீட்டுக்கு வந்து தயிரில் விழும்.

எது வரைக்கும் தூசை மன்னிக்கலாம் என்பதற்கு ஒரு மாதிரி கவர் வைத்திருப்பார்கள். இந்த அளவு தூசு வரைக்கும் நல்லது, இதற்கு மேல் கெட்டது என்று பெரிய ஆட்கள் கையெழுத்துப் போட்டுப் பெட்டியில் பூட்டி வைத்த கவர். அந்தக் கவருக்கு எக்ஸ்பைரி உண்டு. எடுத்து எடுத்துப் பார்த்து அதுவே கீறல் விழுந்துபோகும், அப்புறம் புதிதாக ஒரு எல்லை கொண்டுவருவார்கள். நேற்று வரை கெட்டதாக இருந்தது இன்றைக்கு நல்லதாகிவிடும். தூசுக்கு இது எதுவும் தெரியாது, அது பாட்டுக்கு இருக்கும்.

இந்த மாதிரி ஒரு வேலையில் இருப்பவளுக்குத் தத்துவம் வேறு தேவையா சொல்லுங்கள். ஆனால் வந்து சேர்ந்தது.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டயர் கடைக்கு மாடியில் ஞாயிற்றுக்கிழமை தோறும் பௌத்த வகுப்பு நடக்கிறது. உலகம் மெய் என்று சாதித்த ஆச்சாரியாருக்குக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஊரில், தேர் போகிற தெருவுக்குப் பக்கத்திலேயே. கூட வேலை பார்க்கும் ஒரு டிரைவர் இவரைக் கூட்டிப்போனார். கூட்டிப்போனவர் இரண்டு வாரத்தில் நின்றுவிட்டார். இவர் பிடித்துக்கொண்டார். முதல் ஞாயிறு திரும்பி வந்ததும் சாப்பிட உட்கார்ந்தவரிடம், குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"உப்பு கொழம்புல இல்ல."

"போடலையா நான்?"

"அது இல்லமே. நாக்குன்னு ஒண்ணு, சுவைன்னு ஒண்ணு, அதைத் தெரிஞ்சிக்கிற அறிவுன்னு ஒண்ணு. மூணும் ஒண்ணா முட்டிக்கினாத்தான் உப்பு. அதுக்குப் பேரு ஊறு."

"உப்பு டப்பாவும் வந்து முட்டணும்யா. அத மறந்துட்டேன், இந்தா" என்று டப்பாவை நகர்த்தினேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது. கண், காது, மூக்கு, நாக்கு, உடம்பு, மனசு என்று ஆறு வாயில். வாயில் வழியாக வந்து முட்டுவது ஊறு. முட்டியதும் இது பிடிக்கிறது, பிடிக்கவில்லை என்று எழுவது நுகர்வு. அதன் மேல் ஒரு பெயரை ஒட்டுவது குறிப்பு. பெயரை ஒட்டியதும் வேண்டும் வேண்டும் என்று அலைவது வேட்கை. ஸ்டிக்கர் ஒட்டுகிற வேலையை நான் ஷிஃப்ட் கணக்கில் செய்துவிட்டு வந்தால், வீட்டிலும் ஸ்டிக்கர் ஒட்டுவதைப் பற்றியே பேச்சு. நாம் பார்ப்பது பொருளை அல்ல, நாம் ஒட்டிய பெயரைத்தான் என்பார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவுகிற கையோடு கேட்டால் மட்டும் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும்.

எங்கள் கம்பெனியில் ஒரு சோதனை வைப்பார்கள். நல்லதும் கெட்டதுமாகக் கொஞ்சம் கவர்களைக் கலந்து காலையில் காட்டுவார்கள். அதே கவர்களை வரிசை மாற்றி மதியம் காட்டுவார்கள். காலையில் சொன்னதையே மதியமும் சொல்கிறோமா என்று பார்ப்பதற்கு. ஒரு தடவை காலையில் நான் ஓகே சொன்ன கவரை மதியம் நானே ரிஜெக்ட் செய்துவிட்டேன். சூப்பர்வைசர் என்னைக் கூப்பிட்டு, நீங்களே உங்களோடு ஒத்துப்போகவில்லையே அம்மா என்றார். நொந்துபோய் வந்து வீட்டில் சொன்னால், இந்த மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தியா? காலைல இருந்த நீ வேற, மத்தியானம் இருந்த நீ வேற. நான்னு நிலையா ஒண்ணு கெடையாது. இதத்தான் சொல்லிக்கினே கீறேன்."

"அப்ப ராத்திரி சோறு யாரு ஆக்கறது?" என்று கேட்டேன். அதற்கு புத்தரிடம் பதில் இல்லை போலிருக்கிறது, இவர் போய் அரிசி களைந்தார்.

இப்படிக் கேலியும் கிண்டலுமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவரிடம் சில மாறுதல்கள் வந்தன. டிவி பார்ப்பதை விட்டார். காட்சி என்பது வேட்கைக்குத் தீனி என்றார். இருட்டின பிறகு வீட்டு டூ வீலரை எடுப்பதை விட்டார். கவனத்தோடு அடி எடுத்து வைத்து நடப்பது ஒரு பயிற்சி என்றார். சந்தையிலிருந்து சொத்தைக் கத்தரிக்காயாகப் பொறுக்கிக்கொண்டு வந்தார். நல்லது கெட்டது என்று பிரிப்பதே பற்று என்றார். ஒரு நாள் சாயந்திரம் பஸ் ஸ்டாப்பில் எங்கள் நீல யூனிஃபார்ம் கூட்டத்தோடு நின்றேன். எதிரில் வந்தவர் என்னைத் தாண்டிப் போய்விட்டார். கூப்பிட்டு நிறுத்தி, கட்டின பொண்டாட்டியைத் தெரியவில்லையா என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியறது நிறமும் உருவமும்தான். பொண்டாட்டிங்கறது அப்புறமா ஒட்டற குறிப்பு" என்றார்.

கூட நின்ற பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும் கம்பெனியில் எங்கள் லைனில் போய், எங்க வீட்டுக்காரர் துறவி ஆகிவிட்டார், இனி எனக்கு ஒரு கவலையும் இல்லை என்று பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். குடிக்கிற புருஷன் இருக்கிறான், சீட்டாடுகிற புருஷன் இருக்கிறான், என்னுடையது நிர்வாணத்துக்குப் போகிறது, போகட்டுமே என்று நினைத்தேன். குளிக்கும்போது கதவுக்குப் பின்னால் ஏதோ முணுமுணுப்பார். பாலி மந்திரம் என்று நானாகவே ஒரு பெயர் ஒட்டிக்கொண்டேன்.

ஒரு காலையில் எங்கள் கம்பெனி பஸ் பிரேக் டவுன் ஆகி நின்றுவிட்டது. வல்லம் வடகால் வழியாகத்தான் போகிறேன், ஏறு என்றார் என் வீட்டுக்காரர். அவர் ஓட்டுகிற பஸ்ஸில் நான் அன்றைக்குத்தான் முதல் முறையாக ஏறினேன். அவருக்கு இடது கைப் பக்கம், எஞ்சின் ஓரமாக இருக்கிற சீட்டில் உட்கார்ந்தேன். பஸ் நிறையப் பெண் பிள்ளைகள். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கி வேலைக்குப் போகிறவர்கள். பாதிப் பேர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச தூரம் போனதும் எனக்கு ஏதோ உறுத்தியது. அவர் நன்றாகத்தான் ஓட்டினார். டீக்கடை வந்ததும் வேகம் குறைத்தார், தண்ணீர் டேங்க் வந்ததும் ஒதுங்கினார், ஒரு வளைவில் சரியாக ஹாரன் அடித்தார். ஆனால் வேகத் தடை இருந்த ஓர் இடத்தில் அவர் பிரேக் போட்டார், அந்தத் தடையை எடுத்துவிட்டிருந்தார்கள். ரோடு மழமழவென்று இருந்தது. இல்லாத மேட்டில் பஸ்ஸை ஏற்றி இறக்குவது போல மெதுவாகக் கொண்டுபோனார். நான் சிரிக்கலாமா என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்தது. புதிதாக ஒரு கம்பெனி வாசலில் புதிதாக ஒரு மேடு போட்டிருந்தார்கள், மஞ்சள் கோடு அடித்து, பளிச்சென்று. எனக்கு எட்டத்திலேயே தெரிந்தது. அவர் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை.

பஸ் எகிறி விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்தவர்கள் தலை கம்பியில் இடித்தது. ஒரு பெண்ணின் டிபன் டப்பா திறந்து எலுமிச்சம் சோறு முழுவதும் தரையில்.

"என்னண்ணே இப்படித் தூக்கிப் போடுதிய? ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் அந்தப் பெண், நெற்றியைத் தேய்த்துக்கொண்டே.

"நேத்து இல்லம்மா அது" என்றார் இவர்.

நேற்று இல்லைதான். இந்தப் பக்கத்தில் நேற்று இருந்தது எது இன்றைக்கு இருக்கிறது? நெல் வயல் இருந்த இடத்தில் கம்பெனி, கம்பெனி கேட் இருந்த இடத்தில் மேம்பாலத் தூண். இவரோ ஒரு வருஷத்துக்கு முந்தைய ரோட்டை மனசுக்குள் விரித்து வைத்துக்கொண்டு அதில் பஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார். சொத்தைக் கத்தரிக்காய், டிவி, இருட்டு, பஸ் ஸ்டாப் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்து முட்டின. கடுகளவு தூசைக் கை நீளத்தில் பிடித்துவிடுகிற என் கண்ணுக்கு முன்னால்தான் இத்தனையும் நடந்திருக்கிறது. அன்றைக்கு என் கம்பெனி வாசலில் இறங்கும்போது, அதே பஸ்ஸில் மேற்கொண்டு போகிற அந்தப் பிள்ளைகளைத் திரும்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

சாயந்திரம் அவர் வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. கேட்டால் வாயில், ஊறு, நுகர்வு என்று பதில் வரும். எனக்குத் தெரிந்த முறையிலேயே போனேன். சமையல்கட்டில் ட்யூப் லைட்டைப் போட்டேன். எவர்சில்வர் தட்டு வேண்டாம், அது மின்னும், நியாயமான டெஸ்ட் ஆகாது. வெள்ளை பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்து, சட்டைக் கையில் ஒட்டியிருந்த சிவப்பு அம்பைப் பிய்த்து அதன் நடுவில் ஒட்டினேன். வாசற்படியில் அவரை நிற்க வைத்தேன்.

"அம்பு எந்தப் பக்கம் காட்டுது?"

"அம்பப் பத்தி புத்தர் ஒண்ணு சொல்லிக்கீறாரு..."

"அவரு அப்புறம் சொல்லட்டும். நீ சொல்லுய்யா. அஞ்சு எண்ணுவேன்."

சிரித்தார். இடது பக்கம் என்றார். மேலே காட்டிக்கொண்டிருந்தது. தட்டைத் திருப்பினேன். வலது பக்கம் என்றார். இந்தத் தடவை அம்பும் வலது பக்கம்தான் காட்டியது. குருட்டாம்போக்கில் சொன்னாரா, பார்த்துச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் சோதனையில் கெட்ட கவர்களுக்கு நடுவே ஒன்றுமே இல்லாத நல்ல கவர் ஒன்றைச் சொருகி வைப்பார்கள். அதிலும் குறை இருக்கிறது என்று சொல்கிறவளை லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். நான் திரும்பி நின்று, தட்டில் இருந்த அம்பைப் பிய்த்து எடுத்தேன். வெறும் தட்டைக் காட்டினேன்.

"இப்ப?"

கொஞ்சம் கண்ணை இடுக்கினார். "கீழ காட்டுது" என்றார், நிச்சயமாக.

நான் தட்டைப் பிடித்தபடியே நின்றேன். ஐந்து எண்ணினேன், மறுபடியும் ஐந்து எண்ணினேன். அம்பு என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் பேசாமல் நிற்பதைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எத்தினி நாளா?" என்று கேட்டேன்.

"மாடிக்கு வகுப்புக்குப் போறதுக்கு மின்னாடியே. எல்லாம் பொகை மாதிரி. எதிர்ல லைட்டு போட்டுக்கினு வண்டி வந்தா ஒண்ணுமே தெரியாது." "அங்க போனேனா, கண்ணுல தெரியறத முழுசா நம்பாதேன்னு சொன்னாங்கமே. ஒலகத்துலயே எனக்கு ஆறுதலா பேசன மொத வார்த்தை அதுதான்."

எனக்குத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. திட்டவும் செய்தேன். பஸ் நிறையப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன தைரியம் உனக்கு, மனுஷனா நீ என்று கத்தினேன். அவரோ, டிரைவருக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் சாவியை வாங்கிக்கொள்வார்கள், வேறு என்ன வேலை தெரியும் எனக்கு என்று மட்டும் கேட்டார். அவருக்கு அந்த ஸ்டியரிங்தான் மரியாதை. பஸ்ஸை விட்டு இறங்கினால் நம்மை யாரும் அண்ணே என்று கூப்பிட மாட்டார்கள் என்று பயம்.

அப்புறம் இன்னொன்றும் சொன்னார். வருஷா வருஷம் பஸ் நிற்கிற யார்டில் காண்ட்ராக்டர் கண் கேம்ப் வைப்பார். சுவரில் ஆங்கில எழுத்துச் சார்ட் மாட்டுவார்கள், டிரைவர்கள் வரிசையில் நின்று ஒவ்வொருவராகப் படிக்க வேண்டும். முன்னால் நிற்கிறவர் சத்தமாகப் படிப்பார், பின்னால் நிற்கிறவர் மனப்பாடம் செய்துகொள்வார். அது அங்கே ஒரு வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. புதிதாகச் சேருகிறவருக்குக் கேம்புக்கு முந்தின நாள் டீக்கடையிலேயே பாடம் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். சார்ட்டும் அதே சார்ட்தான், மாற்றுவதே இல்லை. குளிக்கிற அறையில் நான் கேட்ட பாலி மந்திரம் என்னவென்று அப்போது எனக்குத் தெரிந்தது. கடைசி வரி வரைக்கும் அவருக்கு மனப்பாடம். அடுத்த கேம்ப் வருகிற வாரம்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மாடி ஏறினேன், சண்டை போடுவதற்கு. வகுப்பு நடத்துகிற அம்மாவுக்கு என் வயசுதான் இருக்கும். ஏதோ என்ஜினியரிங் காலேஜில் பிசிக்ஸ் எடுக்கிறவர். நான் போனபோது பாய் விரித்துக்கொண்டிருந்தார். உலகம் பொய், கண் பொய் என்று சொல்லிக்கொடுத்து என் வீட்டுக்காரரைக் குருடாக்கிவிட்டீர்களே, நாளைக்கு பஸ் கவிழ்ந்தால் புத்தர் வந்து தூக்குவாரா என்று நின்றபடியே கேட்டேன். இவர் எனக்குப் பின்னால் டயர் வாசனையில் ஒளிந்துகொண்டு நின்றார்.

அந்த அம்மாவுக்கும் கோபம் வந்தது. அதனாலேயே எனக்கு அவரைப் பிடித்தது.

"உலகம் பொய்னு இங்க யாரும் சொன்னதே இல்லை. நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். கை நீளம், ஐந்து எண்ணுவது, ட்யூப் லைட் எல்லாம் சொன்னேன்.

"அங்க லைட்டு அணைஞ்சுபோனா என்ன பண்ணுவீங்க?"

"லைனை நிறுத்துவோம்."

"ஏன்? தூசு அங்கயேதானே இருக்கு."

"இருக்கும். தெரியாது."

"அவ்வளவுதாங்க. பொருள் இருக்கணும், வெளிச்சம் இருக்கணும், கண்ணு இருக்கணும், மனசு அங்க இருக்கணும். இதெல்லாம் சேந்தாத்தான் பார்வை. ஒண்ணு கெட்டாலும் பார்வை கெட்டுடும். கெட்டது எதுன்னு பாத்து சரி பண்ணுன்னுதான் சொல்றோம். இருக்கறத இருக்கற மாதிரி பாக்கறதுக்குத்தான் இத்தனை பாடமும்." அப்புறம் என் தோளுக்கு மேலே எட்டி அவரைப் பார்த்தார். "கண்ணு ஒரு வாயில்னு ஒரு வருஷமா சொல்றேன். அந்த வாயில் அடைச்சுக் கெடக்குன்னு உங்களுக்குத் தெரியும். கண்ணு டாக்டர் கிட்ட போகணும்னு தோணலையா? உங்களுக்கு இருந்தது பயம். அதுக்கு நீங்க ஞானம்னு பேர் வெச்சுட்டீங்க."

நான் சண்டையை எங்கே தொடருவது என்று தெரியாமல், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு இறங்கினேன்.

கேம்புக்கு இருந்த அந்தச் சில நாட்களும் காய்ச்சல் என்று அவரை லீவு போட வைத்தேன். நீ ஒப்பித்துவிட்டு வந்தால் நானே காண்ட்ராக்டரிடம் போய்ச் சொல்லிவிடுவேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லி வைத்தேன். சொன்னேனே தவிர, உள்ளுக்குள் என்ன இருந்தது என்று எனக்குத்தானே தெரியும். இந்த ஒரு தடவை ஒப்பித்துத் தேறிவிடட்டும், அப்புறம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு மனசு கெஞ்சிக்கொண்டே இருந்தது. கண் முன்னால் குறையைப் பார்த்துவிட்டு, ஓகே சொல்லிவிடலாமா என்று நிற்கிற அந்த இடம் எனக்கு லைனில் தெரிந்த இடம்தான். அங்கே கவர் போனால் போகிறது. இங்கே அந்த எலுமிச்சம் சோற்றுப் பெண் போவாள். வேட்கை என்றால் என்ன என்று அந்த வாரம் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கேம்ப் அன்றைக்கு நான் ஷிஃப்டில் இருந்தேன். முடித்து வந்தபோது அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். எப்போதும் அங்கே இருக்கிற சாவி இல்லை.

"இன்னா சொன்ன?"

"செவுத்துல வெள்ளையா ஒண்ணு கீது. அதுல கறுப்பா ஏதோ கீது. மேல ஒரு பெரிய எழுத்து தெரியுது. மீதி எல்லாம் எனக்கு மனப்பாடம் சார், ஆனா ஒண்ணும் தெரியலன்னு சொன்னேன்."

காலையிலிருந்து எல்லாரும் ஒரே ராகத்தில் படிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்த கேம்ப் ஆசாமிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்திருக்கிறது. சார்ட்டைக் கழற்றிவிட்டு வேறு ஒன்றை மாட்டிவிட்டார். இவருக்குப் பின்னால் நின்றவர்களில் சிலபேர் பாவம், பழைய சார்ட்டையே படித்திருக்கிறார்கள். உண்மையைச் சொன்ன புண்ணியத்துக்கு அன்றைக்கு ஒரே மதியத்தில் அவர் இத்தனை விரோதிகளைச் சம்பாதித்தார். அவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் எங்களைக் கண்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறார்கள். அவர்களுக்காவது எங்களைத் தெரிகிறதே என்று நான் ஆறுதல்பட்டுக்கொள்வேன்.

காஞ்சிபுரத்துக் கண் ஆஸ்பத்திரியில் விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. கண்புரை. இரண்டு கண்ணிலும். சர்க்கரை வேறு இருப்பதால் சீக்கிரமே வந்துவிட்டது, எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் தெரியும், டாக்டர் எழுதிக் கொடுத்ததும் வண்டி ஓட்டலாம் என்றார்கள். ஒரு வருஷம் ஆறு வாயிலையும் ஆராய்ச்சி செய்தவர், அந்த வாயிலைத் திறந்துவிட ஆள் இருக்கிறது என்பதை மட்டும் விசாரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது.

முதல் கண்ணுக்கு ஆபரேஷன் நடந்த அன்று எனக்கு லீவு கிடைக்கவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் மறுநாள் காலையில் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். கட்டுப் பிரிக்கிற நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தேன். நர்ஸ் பஞ்சை எடுத்து, கண்ணைத் துடைத்து, மெதுவாகத் திறங்க ஐயா என்றார். தலைக்கு மேலே வெள்ளை ட்யூப் லைட். நான் அவருக்கு எதிரில், கை நீளத்தில் நின்றேன். வேண்டும் என்று அளந்து நிற்கவில்லை, பழக்கம்.

அவர் என்னைப் பார்த்தார். என் தலைமுடி, நெற்றி, கன்னம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். என் வேலை எல்லாவற்றையும் அப்படிப் பார்ப்பது, என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சமாக இருந்தது. என்னையும் அறியாமல் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிட்டேன். ஐந்து தாண்டியும் அவர் பார்வையை எடுக்கவில்லை.

"இன்னாய்யா பாக்கற? யாருன்னு தெரியுதா, இல்ல குறிப்பு இன்னும் ஒட்டலையா?" என்று கேட்டேன்.

அவர் கையை நீட்டினார். என் காதுக்கு மேலே, முடியில் சிக்கியிருந்த எதையோ நகத்தால் மெதுவாகப் பிய்த்தார். விரல் நுனியில் வைத்துக் கிட்டத்தில் பார்த்தார், தள்ளி வைத்தும் பார்த்தார்.

"ஒன் மூஞ்சியத்தான் காட்டிக்கினு இருந்துது" என்றார்.

சிவப்பு அம்பு. நான் அங்கேயே, அந்த நர்ஸ் முன்னாலேயே நின்று அழுதேன்.